முப்பது நாள் தாங்கும் டிஸ்க்

அக்கா,

இன்று காலை பல்லேகலப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் நான் வேலை பார்க்கும் கேமராக் கடைக்கு வந்தார்கள். வீட்டுக்கு நாலு கேமரா, பதிவுப் பெட்டி எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் பாக்கி. புது டிஸ்க்கின் வெள்ளி உறையைக் கிழித்ததும் எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை வந்தது. "எத்தனை நாள் பதிவு இருக்கணும்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஒரு கிழமை, ஏழு நாள் போதுந்தானே?" என்றார் அந்தப் பெண். உடனே உங்கள் நினைவு வந்தது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனதை, உங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த முகுந்தன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

போரின் கடைசி ஆண்டுகளில் நீங்களும் இதே கேள்விக்குத்தான் என் முன்னால் நின்றீர்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேராதனையில் தனியாக ஒரு வீடு. மாடியில் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் வாடகைக்கு. இரண்டு ஆண்கள் கேற்றடிக்கு வந்து, தாங்கள் யாரென்று சொல்லாமலே, மாடியில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னீர்கள். ஒரு கிழமைப் பதிவுக்குச் சின்ன டிஸ்க் போதும், நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன்மேலே பதியும் என்று விளக்கினேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"எண்பத்துமூண்டுக் கலவரத்திலை என்ரை வீட்டை எரிச்சது ஆர் எண்டு விசாரிக்கப் பொலிஸ் ஒரு மாசம் கழிச்சுத்தான் வந்தது, தம்பி. நீ பாத்தனியோ எண்டு கேட்டாங்கள். நான் அலுமாரிக்குப் பின்னாலை ஒளிஞ்சிருந்தனான், எதைப் பாக்கிறது? எனக்கு முப்பது நாள் நிக்கவேணும்."

அப்படியென்றால் கம்ப்யூட்டரில் போடுகிற சாதாரண டிஸ்க் சரிவராது. ஓய்வில்லாமல் எழுதி எழுதிச் சூடேறி, சில மாதத்தில் செத்துவிடும். கேமராவுக்கென்றே செய்த பெரிய டிஸ்க்கைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, நானே வந்து பெட்டிக்குள் பொருத்திப் பூட்டினேன்.

அதன்பிறகு நீங்கள் வெளியே போவதே குறைந்துவிட்டது. திரைக்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டீர்கள். தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போகக் கலஹா பஸ் ஏறப் போகும் வழியில் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் யன்னல்கள் சாத்தியிருக்கும். பிளேன்டீ தந்துவிட்டு, பேச்சின் நடுவிலும் திரையையே பார்ப்பீர்கள். ரோட்டில் ஒரு வாகனம் வேகம் குறைந்தால் உங்கள் கை கதிரைப்பிடியை இறுக்கும். "தோட்டத்துக்கு வந்து ரெண்டு நாள் இருங்களேன்கா" என்று அழைத்தேன். "நான் போனால் பிள்ளையளுக்கு ஆர் தம்பி?" என்றீர்கள்.

பிறகு ஒரு நாள் முகுந்தனைப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பில் வெடித்த குண்டுக்கு அவர் உதவினார் என்று சந்தேகம். அந்த நாள் முழுக்க அவர் வீட்டில்தான் இருந்தார் என்று நீங்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கேமராவை மட்டும் கண்டுவிட்டார்கள். மறுநாள் காலை வந்து பெட்டியை எடுத்துப்போவதாகச் சொன்னார்கள்.

மத்தியானம் எனக்குப் போன் வந்தது. கடையிலிருந்து நேராக ஓடிவந்தேன். இருவரும் அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி எடுத்தோம். காலையில் முகுந்தன் சாரத்தோடு கேற்றடியில் நின்று, பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வரும் சூன் பாண் ஆட்டோவில் பாண் வாங்குகிறார். பகலில் கொடியில் உடுப்புக் காயப்போடுகிறார். மாலையில் வாசற்படியில் இருந்து படிக்கிறார். "கடவுளே, நிக்குது! நிக்குது!" என்று அழுதீர்கள்.

நான் மற்ற நாட்களையும் ஓடவிட்டேன். அப்போதுதான் புரிந்தது. போர் நடந்த வன்னியிலிருந்து வந்து, கட்டாயப் பொலிஸ் பதிவு செய்யாமல் உங்கள் வீட்டில் தங்கிப்போன மூன்று பெடியன்களின் முகங்களும் அதே டிஸ்க்கில் இருந்தன. உள்ளே வந்தது, போனது, பையைத் தூக்கியது, எல்லாம் பளிச்சென்று. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய முப்பது நாட்களும் இப்போது நம்மையே பிடித்துக்கொண்டன.

"எல்லாத்தையும் குடுத்துருவோம்கா. முகுந்தன் தம்பியாவது வெளிய வரட்டும்" என்றேன்.

"ஒரு பிள்ளையை எடுக்க மூண்டு பிள்ளையைக் குடுக்கிறதோ?"

கடைசியில் வழியை நான்தான் சொன்னேன். அந்த ஒரு நாளை மட்டும் சீடியில் எடுத்துக்கொள்வது. பெரிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, என் பையில் கிடந்த செத்த டிஸ்க் ஒன்றைப் பூட்டுவது. டிஸ்க் பழுதாகும் நிலையில் அந்த நாளை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது என்று சொல்வது.

"காப்பாத்தினது ஆர் எண்டு கேட்டால்?" என்றீர்கள்.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள். என் பெயரைக் கேட்டு ஒரு ஜீப் அங்கே ஏறுவது கண்ணுக்குள் வந்தது. "என் பேரு வேணாம்கா" என்றேன். சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப எனக்குக் காட்டித் தாரும். எந்த ஆணி, எந்த வயர்?" என்றீர்கள். அன்று பின்னேரம் அந்தப் பெட்டியை ஏழு தடவை கழற்றிப் பூட்டினீர்கள். இரண்டு தடவை திருகாணி கீழே விழுந்து, மேசைக்கடியில் தவழ்ந்து தேடினீர்கள்.

டிஸ்க்கைச் சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பையைத் திறந்து டிஸ்க்கைக் கையில் எடுத்தான். ரிப்பேருக்கு வந்த சாமான் என்று சிங்களத்தில் சொன்னேன். கடைப் பெயர் போட்ட என் சட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். மறுநாள் அதைத் துளைபோட்டு நொறுக்கி மகாவலி ஆற்றில் எறிந்தேன்.

அதே நேரம் நீங்கள் பொலிஸில் இருந்தீர்கள். கிழவி இதைக் கழற்றினாளாம் என்று சிரித்தார்களாம். பெட்டியை முன்னால் வைத்து, செய்து காட்டச் சொன்னார்களாம். செய்து காட்டினீர்கள். அப்படியும் அன்றும் மறுநாளும் மர வாங்கில் இருத்தி வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். சீடி நீதிமன்றத்துக்குப் போனது. முகுந்தன் வெளியே வர இரண்டு மாதம் பிடித்தது. அந்த மூன்று பெடியன்களைத் தேடி யாரும் வரவில்லை.

அந்த இரண்டு மாதமும் நான் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அக்கா. பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். கடை வாசலில் வாகனம் நின்றால் பின்னறைக்குள் போய்விடுவேன். நீங்களே ஒருநாள் கடைக்கு வந்து, "நாலாவது ஆணிதான் தம்பி கொஞ்சம் இறுக்கம். மற்றபடி சரியாச் செய்தனான்" என்றீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அம்மா சுகமோ?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். போர் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போனீர்கள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவேயில்லை.

முகுந்தன் போனில் இன்னொன்றும் சொன்னார். கேமரா பூட்டியவன் யார் என்று பொலிஸ் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டதாம். கடையின் பெயர் பெட்டியிலேயே ஒட்டியிருந்ததால் மறைக்க வழியில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னீர்களாம்: "அந்தப் பிள்ளை சாமான் வித்தவர் மட்டும். அவருக்கு ஒண்டும் தெரியாது."

அந்த வார்த்தையால்தான் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கடையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும், அக்கா.