கூடாரத்தில் கல்சட்டி

மட்டாஞ்சேரி
11-10-1966

சௌபாக்கியவதி சீதாலக்ஷ்மிக்கு அம்மா கமலாக்ஷி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தை மீனாவுக்கும் என் ஆசீர்வாதங்கள். நீ எங்கே உட்கார்ந்து இதைப் படிக்கிறாயோ, அந்த இடம் குளிராமல் இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். நான் சௌக்கியமா என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

செப்டம்பர் பதினாலாம் தேதி நீ போட்ட கடிதமும் மூன்று போட்டோக்களும் கிடைத்தன. ஜூனில் பனிமலை, ஜூலையில் பச்சை நிறத் தண்ணீர் ஏரிகள், இப்போது கடற்கரை. முழுசு முழுசாக மரங்கள் கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன, காற்று கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிவிட்டது, மாப்பிள்ளை மழையில் நனைந்துகொண்டே திரும்ப அடித்தார் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கே முதுகு சில்லிட்டது. அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீடு வாசல் இருக்கிறவர்கள் ஆசைப்பட்டுத் தரையில் படுப்பதை உன் கடிதத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். குருவாயூர் சத்திரத்தில் ஒரே ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்து, ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். கனடாவில் கோடைக்கு எல்லோரும் குடும்பத்தோடு இப்படித்தான் காரில் போவார்கள், இரவு கூடாரம் அடித்துக்கொள்வார்கள் என்று நீ எழுதினாய். சரி என்று ஒத்துக்கொண்டேன். பதினைந்து நாள் போவார்கள், மிஞ்சினால் ஒரு மாதம். இது ஐந்தாவது மாதம், சீதா.

மீனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீ மூன்றுக்கும் கரடியைப் பற்றியே பதில் எழுதுகிறாய். கரடி சாப்பாட்டுப் பெட்டியை உருட்டியது, கரடி குட்டியோடு வந்தது. குழந்தைக்கு ஐந்து வயது முடிந்தது எனக்குத் தெரியாதா? வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, அடுத்த ஊர் தபாலாபீசுக்கே எழுது, போகிற வழியில் வாங்கிக்கொள்கிறோம் என்கிறாய். அதையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலில் நிற்க முடியாமல் மாடிக்குப் போகிறேன். படகுத்துறையில் ஒரு படகு வந்தால் அதில் நீ இருப்பாயோ என்று பார்க்கிறேன். அதற்குள் கீழே சாதம் அடிப்பிடித்து விடுகிறது.

போட்டோவுக்கு வருகிறேன். மீனா ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உன்னுடைய மூக்கு, மாப்பிள்ளையுடைய காது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் கூடார வாசலைப் பார்த்தேன். மூன்று கல்லின் மேல் உன் கல்சட்டி உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டியைத் தினமும் கஞ்சித்தண்ணி ஊற்றி இரண்டு மாதம் பழக்கி, இரண்டு பழைய புடவையில் சுற்றி உன் கையில் கொடுத்தவள் நான். கப்பலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனதாக நீ எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தவறிக் கீழே போட்டால் இரண்டாய்ப் போகும் என்று, பக்கத்து வீட்டுக்குக்கூட இரவல் கொடுக்கமாட்டோம். உல்லாசப் பயணம் போகிறவள் அலுமினியப் பாத்திரத்தை எடுத்துப் போவாள். கல்சட்டியை வீட்டில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள், வீடு இருந்தால். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் மறுபடியும் கரடியைத்தான் கொண்டுவருவாய்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து அவருக்கு இதே பேச்சுதான். பிச்சுமணி மாஸ்டரிடம் அட்லஸ் இரவல் வாங்கி, நீங்கள் போகிற வழியைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். மிளகுக் கிடங்கில் எல்லோருக்கும் சொல்வார், போதாதென்று ஜூ டவுன் கடைத்தெரு முழுக்கச் சொல்வார். என் பெண் இன்று இந்த மலையில் இருக்கிறாள், நாளை அந்த ஏரிக்குப் போகிறாள் என்று. மாப்பிள்ளை பெயரை மட்டும் சொல்லமாட்டார். எதிரே தீவில் துறைமுக ஆபீசில் தான் வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டுப் படிக்கப் போகிறேன் என்றவரை, எறணாகுளம் ஸ்டேஷனில் வைத்து, ஜெயித்தால் வா, தோற்றால் என் படியேறாதே என்று சொன்னாரே, அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை அந்த வார்த்தையை மறந்திருக்கமாட்டார். எனக்கே மறக்கவில்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது தப்பு. ஆறு வருஷமாக அது என்னைத் தின்கிறது.

இந்தப் போட்டோவை அவர் ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போய், பேப்பர் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என்ன என்று கேட்டேன். குழந்தை மெலிஞ்சிருக்காள் என்றார். மறுநாள் அட்லஸை மாஸ்டர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடற்கரைக்குக் கோடு போடவே இல்லை. கிடங்கில் யாராவது பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், சௌக்கியமா இருக்காள் என்று மட்டும் சொல்கிறாராம்.

இனி என் உடம்பு. போன புதன்கிழமை காலையில் விளக்கேற்றியதும் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு வீரலட்சுமி கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் சொன்னால் காயலைத் தாண்டி இடப்பள்ளி வரைக்கும் போய்ச் சேரும், அதற்காகத்தான் அவளிடம் முதலில் சொன்னேன். இப்போது தெரு முழுக்கத் தெரியும். தாயாருக்கு முடியவில்லை என்று ஒரு பெண் புருஷனோடு ஓடி வந்தால், ஏன் வந்தாய் என்று உலகத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளைக்கும் தலைகுனிவு இல்லை. மாமியாரைப் பார்க்க வந்தவர், அவ்வளவுதான்.

உன் அப்பாதான் சமைக்கிறார். அந்த ரசத்தைக் குடித்து எனக்கு நிஜமாகவே ஏதாவது வந்துவிடும் போலிருக்கிறது. அவர் கிடங்குக்குப் போனதும் எழுந்து இரண்டு தோசை வார்த்துத் தின்றுவிட்டு, கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படி இடையிடையே எழுந்துதான் எழுதுகிறேன். ஒரு நாளில் பத்து நிமிஷம் சும்மா உட்காராத என்னால் இந்தப் பாயில் கிடக்க முடியவில்லை. துலாவர்ஷ மழை வேறு தொடங்கிவிட்டது. கொடியில் காய்கிற துணி நனைவதைப் படுத்துக்கொண்டே பார்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா?

இனி வருவதில் அப்பா சொன்னதையும் பிரயாண விஷயத்தையும் மட்டும் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. மற்றதைக் காட்டாதே.

நேற்றுக் காலை உன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். நெஜமாவே முடியலையா என்று கேட்டார். முடியலை என்றேன். தோசைக்கல் ஈரமாக இருந்ததை முந்தின நாளே அவர் பார்த்திருக்கிறார், அது எனக்கும் தெரியும். பாயின் நுனியைச் சரிசெய்துவிட்டு, அப்போ சீதாவுக்கு எழுது, ராமபத்ரனையும் வரச் சொல்லு, அவ ஒத்தையா உன்னையும் குழந்தையையும் எப்படிப் பார்த்துப்பள் என்றார். மாடி ரூம் சும்மாத்தானே கெடக்கறது என்றும் சொன்னார். பெயரைச் சொல்லித்தான் சொன்னார், சீதா. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். நெஞ்சு வலி என்று நினைத்துக்கொண்டு கஷாயத்தை எடுத்து நீட்டினார். இல்லை, நினைத்ததுபோல் காட்டிக்கொண்டார்.

சாயங்காலமே படகேறித் தீவுக்குப் போய், கப்பல் ஆபீசில் மூன்று பேருக்கு விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். பிரயாணத்தைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். அவர் பார்த்துக்கொள்கிறார். குளிர் முற்றுவதற்குள் புறப்படுங்கள்.

கல்சட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. போட்டோவில் அதன் விளிம்பில் ஒரு சில்லு போயிருப்பதைப் பார்த்தேன். அதற்காகத் தயங்காதே. வழியில் இன்னும் கொஞ்சம் உடைந்தாலும் சரி, என் அடுப்படியில் அதை வைத்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது.

நீ வந்து வாசலில் நின்றால் அந்த நிமிஷமே நான் எழுந்துவிடுவேன். சீக்கிரம் வா, எனக்குப் படுத்திருக்கத் தெரியவில்லை.

உன்னையே பார்த்திருக்கும்
அம்மா