அண்ணன் கேட்ட அரபி

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. மாடியில் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று. வாங்க வேண்டியது: இஞ்சி, பினாயில், கொசுவத்தி.

சிகிச்சைக்கு வந்து மாடியில் வாடகைக்கு இருக்கும் ஏமன்காரர்களோடு ஆஸ்பத்திரி. சாலிமுக்கு அடுத்த வாரம் முட்டி ஆபரேஷன். மனைவி ஹயாத்துக்கு அரபி மட்டும்தான். குவைத்தில் வீட்டு வேலை செய்தபோது கற்ற அரபி இப்போது உதவுகிறது. ஒரு குவைத் குடும்பமும் வந்திருந்தது. சொகுசு அறை, கூடவே ஆள். நாங்கள் வரிசையில்.

மாலை அண்ணன். ஞாயிறு அவர் மகள் கல்யாணம். சாயாவை ஊதிக்கொண்டே, "உன் வீட்டு அரபியக் கூட்டிட்டு வா, நசீமா. முன்வரிசையில உக்காரட்டும். நமக்கும் அரபி உண்டுன்னு சம்மந்திவீடு பாக்கட்டும்."

சிரிப்பு வந்தது. ஹயாத்துக்கோ ஒரே சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். துணி காயவில்லை.

அண்ணன் போன். "அந்த ஆளுக்கு என்ன பிஸினஸ்?"

"அவங்க ஊரு துறைமுகத்துல மூட்டை தூக்குறாரு."

"அரபியில பாவப்பட்டவங்க உண்டா? சும்மா பறயாதே!"

குவைத்தில் எங்கள் கட்டடக் காவல்காரர் எகிப்துக்காரர். முதலாளியைப் போல அவருக்கும் தாய்மொழி அரபிதான். படுக்கை மாடிப்படிக்குக் கீழே. சொன்னேன், அண்ணன் காதில் ஏறவில்லை.

"யாராச்சும் கேட்டா கப்பல் கம்பெனின்னு சொல்லு. நீதானே அவங்க பேச்சை எடுத்துச் சொல்றவ."

எரிச்சல். கொச்சங்காடி கோடவுனில் மூட்டை சுமந்துதான் அத்தா எங்களை வளர்த்தார். அவரையும் கப்பல் கம்பெனி ஆக்கிவிடுவார் போல.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டிப் போனேன். முன்வரிசைதான். பிரியாணியில் உப்பு கம்மி.

சம்மந்தியம்மா வந்து ஹயாத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவங்க வீட்டுக்காரருக்கு என்ன ஜோலி?"

அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். நான் கேள்வியை ஹயாத்திடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். சாலிமின் தோளைத் தட்டிக் காட்டினாள். ஒரு சொல் மாற்றாமல், சத்தமாகவே சொன்னேன்.

"துறைமுகத்துல மூட்டை தூக்குறாராம். ரெண்டு பேரு தூக்குறத ஒத்தையாத் தூக்குவாராம்."

"ஓ..." கை விலகியது. சம்மந்தியம்மா வேறு பக்கம் போய்விட்டார்.

"நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?" என்று ஹயாத் கேட்டாள். இல்லை என்றேன். அண்ணன் என்னிடம் பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி மழை. காலையிலேயே அண்ணன் வீட்டிலிருந்து மைனி போன். "மத்தியானம் மறுவீட்டு விருந்துக்கு நீ மாத்திரம் வந்தா மதின்னு அண்ணன் பறஞ்சாரு. அவங்க வேண்டாமாம்."

"மூணு பேரு வர்றோம் மைனி. முதல் பந்திக்கே வந்துருவோம்."

வைத்துவிட்டேன். ஆட்டோ சொல்லியாயிற்று. பெரிய ஆட்டோ, சாலிம் காலை நீட்டி உட்கார வேண்டும்.