மடையணி வீழ்ந்த ஆண்டு

பொன்னேரி நாட்டின் இளங்கோ சார்பில் ஆட்சி நடத்தும் அரசமாதேவியார் ஆணைப்படி, பேரமைச்சன் கோவிந்தரையன் எழுதுவது: மலையரணும் பேரணையும் காக்கும் வடகரைத் தண்டநாயகர் மாறநம்பியார் கண்டு தெளிக. நும் கோட்டமும் குடிகளும் நோயின்றி வாழ்க.

இவ்வோலை நும் கை சேருமுன் கேடு முந்திக்கொள்ளுமோ என்னும் கலக்கத்தோடே எழுதுகிறோம்.

மடையணியாரை நீர் அறிவீர். பெரும்பஞ்சத்தில் ஏரி நீரை அரண்மனைச் சோலைக்கென்று அதிகாரிகள் அடைத்து வைத்தபோது, குடிகளைத் திரட்டி மடையை உடைத்துத் திறந்தவர் சோலைப்பிரான். அன்று அவருடன் நின்ற உழவரே மடையணி எனப் பெயர் பெற்று, குடவோலைத் தேர்தலில் ஊர்தோறும் வென்று, நாட்டவையைப் பல்லாண்டு ஆண்டனர். தொடக்கத்தில் வாய்க்கால் வெட்டினர், வரி குறைத்தனர். பின்னர் மடைக்காவல் எல்லாம் உறவினர்க்கே சென்றது. அணியாரின் வயல் நிறைந்த பிறகே பிறர் வயலுக்கு நீர் பாய்ந்தது. அம்முறைகேட்டை அவையில் உரைத்ததற்காகவே நீரும் தலைநகரினின்று அகற்றப்பட்டீர்.

சென்ற கோடையில் கடைமடையூர் உழத்தி சடைச்சி, காய்ந்த நாற்றுக்கட்டைச் சோலைப்பிரான் காலடியில் போட்டு, "அன்னிக்கி அதிகாரி அடைச்சான், நீங்க திறந்தீங்க. இன்னிக்கி உங்க ஆளுங்களே அடைச்சிருக்காங்க. நாங்க யாருகிட்ட போவோம், ஐயா?" என்றாள். ஆவன செய்வதாக உரைத்து அவளை அனுப்பியவர், மருமகன் இருங்கோவனை வினவினார். அவள் அணிக்கு வேண்டாதவள் என்றான் அவன். அவரும் மேலே கேளாதிருந்துவிட்டார்.

இவ்வாண்டு மடையணி ஊர்தோறும் தோற்றது. சோலைப்பிரான் பிறந்த ஊரும் கைவிட்டது. செய்தி கேட்டவர் உணவு கொள்ளாமல் கூடத்தில் அங்குமிங்கும் நடந்தபடியே இருந்தாராம். மறுநாட்காலை இருங்கோவன் வில்லாளருடன் வந்து, வடகரை அணையைப் பற்றிக்கொண்டு, ஆட்சியைத் தராவிடில் அதனை உடைப்போம் என்று மிரட்டினால் நாடு பணியும் என்றான். அவர் மறுத்தார். அவனோ அம்மறுப்பைப் பொருட்படுத்தாமல் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டான்.

சோலைப்பிரான் நேரே அரண்மனைக்கு வந்து, இத்தேர்தலில் தம்மை வீழ்த்தி அமைந்த எம் அவையின் முன் நின்று அனைத்தையும் உரைத்தார். இது சூழ்ச்சி, இவரைச் சிறையிடுக என்றனர் சிலர்.

"சிறையில போடுறதுன்னா பிறகு போடுங்க. இப்ப என்னை அங்க அனுப்புங்க. அவனோட போறதுல பாதிப் பேரு என் முகத்துக்காகச் சேந்தவங்க. நான் நேர்ல சொன்னா வில்லைக் கீழ போடுவாங்க" என்றார் அவர்.

மகளின் பொருட்டு மருமகனுக்கு இரக்கம் வேண்டுவீரோ என்று தேவியார் வினவினார். "கேக்க மாட்டேன், தாயே" என்றார் அவர்.

யாமும் அவரை முற்றும் நம்பினோமில்லை. ஆயினும் அணை உடைந்தால் கீழ்நாடு முழுதும் மூழ்கும். வேறு வழியும் காணோம்.

ஆகவே அணைக்காவலை உடனே இரட்டிப்பீராக. இவ்வோலையைக் கொணர்ந்து நும் முன் நிற்கும் முதியவர் சோலைப்பிரானே. பழம்பகையை அடக்கி, அவரை அணையின்மேல் நின்று பேச விடுக. அவர் சொற்கேட்டு வில் தாழ்த்துவோரைத் தீண்டற்க. தாழ்த்தாதோர் மீது அம்பு எய்க. இடையில் அவரே நிற்பினும் தயங்கற்க. இவ்வரியை எழுதச் சொன்னவரும் அவரே.

கொன்றைமலர் இலச்சினை பொறித்தோம். கண்டவுடன் செய்க.