மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள பல்லிக்கு,

நான் நலம், கீழுதடு நீங்கலாக. நீ என் ஞானப்பல்லைப் பிடுங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. மரத்த உதடு மரத்ததுதான். தையல் மெஷினில் உட்கார்ந்தால் பழக்கதோஷம், குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்கிறேன். நேற்று ஒன்று குத்தியது எனக்கே தெரியவில்லை. வாடிக்கைக்காரியின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அது கிடக்கட்டும். போன் பண்ணினால் உன் வரவேற்புப் பெண் எடுத்து நீ வேலையாக இருப்பதாகச் சொல்கிறாள். நேரில் வந்தேன். நீ பின்வாசல் வழியே நழுவியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்காரர், அதான் நம்ம மாப்பிள்ளை, கேஸ் போடச் சொல்கிறார். "அவ என் சிநேகிதி, நீங்க சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். உன் காசு எனக்கு வேண்டாமடி. ஒரு வார்த்தை பேசு, போதும்.

உன் குண்டூசி


பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிட்டுள்ள விவரம் கவனத்தில் கொள்ளப்பட்டது. இது தொடர்பாகத் தாங்கள் கூற விரும்புவதை எமது காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்


பிப்ரவரி 15

பல் மருத்துவர் அவர்களுக்கு,

யாரடி அந்த அம்மையீர்? கணக்குப் பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவளுக்கு நான் "தாங்கள்" ஆகிவிட்டேனா? மாப்பிள்ளை படித்துக்காட்டியதும் முதலில் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன். உதட்டில்தான் உணர்ச்சி இல்லை, மற்ற இடமெல்லாம் நன்றாகவே வலிக்கிறது.

சரி, நீ அப்படி என்றால் நானும் இப்படித்தான். வக்கீலிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று.

இப்படிக்கு,
அம்மையீர்


பிப்ரவரி 17

என் குண்டூசி,

அந்த 'அம்மையீர்' கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுதினார். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. உதடு மரத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றே, இன்சூரன்ஸ் விதிப்படி அவர்களுக்குத் தெரிவித்தேன். "அந்தம்மாகிட்ட எதுவும் பேசாதீங்க. மன்னிப்பு மட்டும் கேட்டுராதீங்க. கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி, அப்புறம் நஷ்டஈட்டுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். கிளினிக்கே கையை விட்டுப் போய்விடும் என்று பயந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்றுதான் ஓடினேன்.

இப்போது உளறுகிறேன், கேள். உன் பல்லின் வேர் நரம்பை ஒட்டி இருந்தது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. அறுவை நிபுணரிடம் உன்னை அனுப்பியிருக்க வேண்டும். நம்ம குண்டூசிதானே, நானே எடுத்துவிடலாம் என்று கை வைத்தேன். என் தப்புதான். மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் காட்டு. கம்பெனி என்னைக் கைவிட்டால் விடட்டும். நீ விட்டால் தாங்க மாட்டேன்.

உன் பல்லி


பிப்ரவரி 20

அன்புள்ள பல்லிக்கு,

நீ பதினேழாம் தேதி எழுதிய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. வராத கடிதத்தைப் படித்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு அடுப்பில் வைத்துவிட்டேன். தபாலில் என்ன வந்தது என்று மாப்பிள்ளை கேட்டார். கரண்டு பில் என்றேன்.

வக்கீலைப் பார்த்தேன். உன் மேல் புகார் கொடுத்திருக்கிறேன், பதறாதே. எக்ஸ்ரேயும் என் உதடுமே சாட்சிக்குப் போதும் என்கிறார். நரம்பு வைத்தியத்துக்குக் கம்பெனி செலவு செய்யட்டும். வருஷா வருஷம் அவர்களுக்கு நீ பிரீமியம் அழுதது இதற்குத்தானே? புகாரில் உன்னைக் கொஞ்சம் திட்டியும் இருக்கிறேன். அது தேவையில்லை என்றார் வக்கீல். எனக்குத் தேவை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேள், நேரில் வாயால் கேள். பேசியதற்கு யாரும் நகல் எடுக்க முடியாது. படித்து முடித்ததும் இதையும் அடுப்பில் வை.

உன் குண்டூசி