முன்வலப் பக்கத்துத் தோள்

சான் தியோதோரோ,
9 பிப்ரவரி 1997

அன்புத் தம்பி மக்காரியோவுக்கு, அக்கா உர்சுலா எழுதுவது.

சிக்காகோ குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அம்மா படுத்த படுக்கைதான். அடுத்த மாதம் தாண்டாது என்கிறார் டாக்டர். நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. நேற்று கஞ்சியை ஒதுக்கிவிட்டு, "நான் செத்தா அந்த ஏசி டப்பாவுல கொண்டுபோய் வெச்சிராதடி. குன்றுக் கோவிலுக்குத் தூக்கிட்டுப் போங்க. உங்கப்பா அங்கதான போனாரு" என்றாள்.

ஏசி டப்பா என்றது, சந்தைக்கு எதிரே நீ கட்டிக்கொடுத்த சிற்றாலயத்தை. வாசலில் மாதா பெயரைவிட உன் பெயர் பெரிது. வெயிலுக்கு ஒதுங்க ஊருக்கு வசதியாக இருக்கிறது.

சவப்பெட்டியின் முன்வலப் பக்கம் மகனுடைய தோளுக்கு உரியது. மறந்திருக்க மாட்டாய். கிளம்பி வா.

உன் அக்கா,
உர்சுலா

சிக்காகோ,
24 பிப்ரவரி 1997

என் பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு கலங்கிப்போனேன். லீவு கிடைப்பது கஷ்டம். ஆனாலும் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். அம்மாவின் அடக்கத் திருப்பலி சிற்றாலயத்தில்தான். ஃபாதர் கௌதென்சியோவிடம் போனில் பேசியாயிற்று. மேயர் வருவார். அந்த மனிதரை முந்நூறு படி ஏற்ற முடியுமா? அவரிடம் நன்றி சொல்லி, கார்வரை போய் வழியனுப்பிவிட்டு வா. பேனருக்கும் வீடியோவுக்கும் ஆள் வைத்திருக்கிறேன். கேசட்டை எனக்கு அனுப்பு.

அம்மா ஏதோ வயதான காலத்தில் உளறுகிறாள். குன்றின்மேல் அந்தப் பாழடைந்த சுவருக்குள் வௌவாலைத் தவிர என்ன இருக்கிறது?

இங்கிருந்தே அழும் தம்பி,
மக்காரியோ

சான் தியோதோரோ,
19 மார்ச் 1997

மக்காரியோவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும்.

துக்க வீட்டில் நன்றி சொன்னாலோ, வந்தவரை வழியனுப்பினாலோ அடுத்த சாவைக் கூப்பிட்டதாகும். இது இங்கே மூக்கொழுகும் குழந்தைக்கும் தெரியும். அடுத்து யாரை அனுப்பப் பார்த்தாய், என்னையா?

பேனர் வந்தது. நடுவில் கோட்டுப் போட்ட நீ, மூலையில் தபால்தலை அளவுக்கு அம்மா. வந்தவர்களில் பாதிப் பேர் செத்தது நீதான் என்று நினைத்து உனக்கு ஜெபம் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

சிற்றாலய வாசலில் பெட்டியை மறித்து நின்றது மீன்கார போர்ஃபிரியோ. வேலித் தகராறில் பன்னிரண்டு வருஷமாக அம்மாவோடு பேசாதவன். "இந்தக் கிழவிய மேல கொண்டுபோய்ச் சேக்கலன்னா ஆவியா வந்தும் என்னைத் திட்டுவா. பெட்டியக் குடுங்கடா" என்றான். ஒருவரும் மறுக்கவில்லை. மேயர் காரிலேயே இருந்துகொண்டார்.

முன்வலப் பக்கம் தோள் கொடுக்க யாரும் வரவில்லை. அது மகனுடைய இடமாயிற்றே. நான் கொடுத்தேன். "பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்லையேம்மா" என்றார் ஃபாதர். "மகன் வீடியோல தூக்குவான், ஃபாதர்" என்றேன். உன் வீடியோக்காரன் நூறாவது படியில் உட்கார்ந்துவிட்டான். ஆகவே கேசட் இல்லை.

பாழடைந்த சுவர் என்று எழுதியிருந்தாய். கடற்கொள்ளையர் வந்தபோதெல்லாம் நம் முப்பாட்டன்மார் அந்தச் சுவருக்குள் ஒளிந்துதான் உயிர் பிழைத்தார்கள். இல்லையென்றால் கோட்டுப் போட நீ பிறந்தே இருக்க மாட்டாய். அப்பாவை வைத்த இடத்திலேயே அம்மாவை இறக்கி வைத்தோம். அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது. போர்ஃபிரியோவும் அழுதான்.

அடக்கப் புத்தகத்தில் எழுதுவதற்காக, இறந்தவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஃபாதர் கேட்டார். ஒருத்தி என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

உர்சுலா