மூன்று அளவுகளும் ஒரு கையெழுத்தும்

என் பிடிவாதக்காரச் சித்திக்கு,

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால். மூன்று அளவுகள், இரண்டு மோசம், ஒன்று நல்லது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நலம் விசாரிக்காமல் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்லியிருப்பீர்கள்.

டீசல் தொட்டி ஒன்றின் அடித்தகட்டைச் சோதித்தேன். ஒரே இடத்தில் இரண்டு தடவை தகடு மெலிந்திருப்பதாகக் கருவி காட்டியது. மூன்றாம் தடவை சரியாகக் காட்டியது. இன்னொரு தடவை அளக்க நேரம் கேட்டேன், தரவில்லை. நாளை தொட்டியை நிரப்ப வேண்டுமாம். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

மேலாளர் முரளி சென்னைக்காரர், கெட்டவர் இல்லை. "ஏம்பா, மூணாவது ரீடிங் சரியா வந்திருக்குல்ல? அத மட்டும் போட்டு அனுப்பு. ரெசிடென்சி கிடைக்கிற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார். என் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அந்த அனுமதி வந்தால்தான் வவுனியாவிலிருந்து அம்மாவைக் கூப்பிடலாம். அது அவருக்கும் தெரியும்.

நேற்று முழுக்க இங்கே வீட்டுக்குப் பக்கத்து பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் நடந்தேன். உட்கார முடியவில்லை.

இங்கே நடந்த உங்கள் இறுதிச் சடங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லண்டனிலிருந்து வந்த உங்கள் பழைய சகா டேவிட், இரங்கல் உரைக்கு முன், தீப்பிடித்தால் எந்தக் கதவால் வெளியேறுவது, எங்கே கூடி நிற்பது என்று கைகாட்டி விளக்கினார். எண்ணெய்க் கம்பனிக் கூட்டமெல்லாம் அப்படித்தான் தொடங்குமாம். பக்கத்து ஊரான பாபடோயிட்டோயிலிருந்து வந்த மாமி என் காதுக்குள், "என்ன தம்பி, செத்த வீட்டிலயும் ஓடுற வழி காட்டுகினம்?" என்றார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

பிறகு டேவிட் தன் உரையில் சொன்ன கதைதான் என்னை விடவில்லை. வட கடலின் எண்ணெய் மேடைகளுக்கு நீங்கள் பொறுப்பாக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவன் எரிவாயு மணக்கிறது என்றான். நீங்கள் உற்பத்தியை நிறுத்தினீர்கள். நான்கு நாள் கசிவைத் தேடினார்கள். ஒன்றுமே இல்லை. அடுத்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளவும் நிறுத்தித்தானே ஆக வேண்டும் என்று மேலிடத்தைக் கேட்டீர்களாம்.

டேவிட் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கசிவு இருந்திருந்தால் வீரக்கதை. இல்லாததால் வெறும் நட்டம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள்? அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? அதற்குப் பிறகும் அதே கம்பனியில் இருந்து இயக்குநர் வரை போனீர்களே, எப்படி? உங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது, சித்தி. என்னிடம் இல்லை.

ஆனாலும் மூன்றாவது அளவை மட்டும் எழுதிய அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். கீழே பெயரைப் போடக் கை வரவில்லை. அந்தத் தொட்டி ஒழுகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் நான் எழுத வேண்டும்.

ஆகவே, இன்று மதியத்துக்குள்:

1. மூன்று அளவுகளையும் எழுதி, மறுபடி சோதிக்கும்வரை நிரப்பக் கூடாது என்று கையெழுத்திடுவேன்.
2. அது போய்ச் சேருமுன் முரளியை அழைத்து நானே சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன்.
3. இந்த வருடம் அவரை இங்கே கூப்பிட முடியாமல் போகலாம் என்று அம்மாவிடம் சொல்வேன். உங்களைக் காரணம் காட்ட மாட்டேன்.

உங்கள் அக்கா மகன்,
கஜன்