மாதா பக்கம்

அண்ணா,

பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்கையில் தள்ளுவண்டிக்காரர் ஒரு கூடைப் பன்னீர் திராட்சையைக் கொட்டினார். அந்த வாசனையில் நம் அண்ணனூர் வீட்டுக் கூடம் கண்முன் வந்துவிட்டது. வாங்காமலே பஸ் ஏறினேன். வாங்கினால் யார் தின்பது?

தொண்ணூறுகளின் நடுவில், சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிது. வயிற்றுக்குள் கேமரா, டி.வி.யைப் பார்த்தபடி நீளக் கருவியால் வேலை. என் கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். நான் திணறுவதைப் பார்த்த பெரிய டாக்டர், "ஒரு மாசம் பார்ப்பேன். சரிவரலேன்னா கேமரா பிடிக்கிறதோட நின்னுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அன்று உன்னிடம் வந்து அழுதேன்.

நீ அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே பல்பு மாட்டினாய். கல்யாண வீடியோ எடுக்கும் சிநேகிதனிடம் கேமரா இரவல் வாங்கி நம் டி.வி.யில் இணைத்தாய். ஃபேக்டரி விட்டு வந்ததும் அதைத் தோளில் தூக்கிக்கொள்வாய். நான் ஓட்டை வழியே நீளக் கருவியை விட்டு, டி.வி.யைப் பார்த்தபடி திராட்சைத் தோலை உரிப்பேன். கிழிந்ததெல்லாம் உன் வாய்க்கு.

"சோத்தாங்கைப் பக்கம் போ!" என்பாய்.

"என் சோத்தாங்கையா, டி.வி.யில தெரியுறதா?" என்று எரிந்து விழுவேன்.

"இன்னாத்துக்குக் கத்துற? இனிமே சோத்தாங்கையும் வேணாம், பீச்சாங்கையும் வேணாம். டி.வி.க்கு அந்தாண்ட மாதா படம் கீது, இந்தாண்ட பீரோ கீது. மாதா பக்கம், பீரோ பக்கம், அவ்ளோதான்."

அதன் பிறகுதான் கையை மறந்து நுனியை மட்டும் பார்க்கப் பழகினேன். தோல் கிழியாமல் வரத் தொடங்கியது.

முதல் பித்தப்பை ஆபரேஷனில், பயத்தில் என்னையறியாமல் "மாதா பக்கம், மாதா பக்கம்" என்று முணுமுணுத்திருக்கிறேன். நர்ஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பெரிய டாக்டர், "ஜெபத்தை நிறுத்தாதீங்க, கை நல்லாத்தான் போகுது" என்றார். வீட்டில் சொன்னதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே தரையில் சரிந்தாய். ஆம்புலன்ஸில், அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய என் கைக்கு உனக்காகச் செய்ய ஒன்றும் இல்லை. வியர்த்துக் குளிர்ந்த உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய உடாத," என்றாய்.

இப்போது ஆபரேஷன் தியேட்டரில் என் கை தடுமாறுவதில்லை. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான், உள்ளே யாருமில்லை என்று சாவியோடு வாசலிலேயே நிற்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் தளர்ந்தது உன் பிடிதான். நான் இன்னும் விடவில்லை, அண்ணா.